பதிவேட்டில் நான் எழுதிய எண்

எங்கள் கம்பெனியில் டூர் போகிறார்கள். கொடைக்கானல், இரண்டு நாள், ஏப்ரல் கடைசியில். கொரோனாவால் இரண்டு வருடமாக யாரும் எங்கும் போகவில்லை. 2022 ஜனவரி 28-ல் இரவு ஊரடங்கையும் ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கையும் எடுத்துவிட்டார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் போட்ட உத்தரவுகள் மார்ச் 31-ஓடு முடியும் என்று மத்திய அரசும் சொல்லிவிட்டது. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் பையன்கள் வாட்ஸ்அப்பில் குரூப் தொடங்கிவிட்டார்கள். யாருக்கு ஜன்னல் ஓரம், யார் ஸ்பீக்கர் கொண்டுவருவது என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் பேச்சு ஓடுகிறது. பெயர் எழுதிப் பணம் வசூலிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். "அண்ணன்தான் கணக்கு வழக்குல கரெக்ட்டு" என்றார்கள்.

நான் மாட்டேன் என்றேன். டூருக்கும் வரவில்லை என்றேன். காரணம் கேட்டார்கள். வீட்டில் வேலை இருக்கிறது என்று சொன்னேன். அது பொய். உண்மையை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதனால் எதையும் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

கார் கம்பெனிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு டைம் ஆபீஸ் வேலை. வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு, லீவ் சீட்டு, கான்ட்ராக்ட் ஆட்களின் தலைக்கணக்கு எல்லாம் என் கையில். குடியிருப்பது செம்பரம்பாக்கத்தில். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போனால் ஒரு லைன் வீடு. எட்டுக் குடித்தனம், ஒரே தண்ணீர்க் குழாய், இரண்டு குளியலறை. சொந்த ஊர் போளூர் பக்கம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று இந்தப் பக்கம் வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல வெளியூர்க்காரர்கள்தான். வாரம் ஆறு நாள் இங்கே உடம்பு இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லியில் பஸ் ஏறினால்தான் மனசு அதோடு சேரும்.

2020 மார்ச்சில் அது நின்றது.

எங்கள் அப்பா இல்லை. தங்கச்சிக்கு ஒரு பெண் குழந்தை. அந்த வருடம் மார்ச் 29 ஞாயிற்றுக்கிழமை, குலதெய்வம் கோயிலில் அதற்கு மொட்டை அடித்துக் காது குத்துவதாக இருந்தோம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. கிடா வாங்கிக் கட்டியாகிவிட்டது. 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. அதன்பிறகு மாதாமாதம் தள்ளிப் போயிற்று. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த மாட்டோம் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். நான் இங்கே, மடி இங்கே. கம்மல் என் டிரங்குப் பெட்டியில் ஒரு பஞ்சுப் பொட்டலத்துக்குள்.

பெரிய கார் கம்பெனிகள் மே மாதமே ஓட ஆரம்பித்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மே 8-ல் வேலையைத் தொடங்கியது. அவர்கள் தொடங்கினால் அவர்களுக்குப் பாகம் கொடுக்கிற நாங்களும் தொடங்கியாக வேண்டும். வேலைக்குப் போக பாஸ் இருந்தது. ஊருக்குப் போக இ-பாஸ் கிடைக்கவில்லை. சாவு, கல்யாணம், வைத்தியம், இவற்றுக்குத்தான் கொடுத்தார்கள். காது குத்து எந்தக் கணக்கிலும் வரவில்லை. மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் நிராகரிப்பு.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் இ-பாஸ் கொடுத்தார்கள். அப்போதே நான் போயிருக்கலாம். போகவில்லை. ஆகஸ்டில் ஆர்டர் குவிந்தது. ஓவர்டைம் நிறைய இருந்தது. அந்தப் பணத்தை விட மனசில்லை. ஆகவே 'பிரிவுத் துயரத்தில் தவறு செய்துவிட்டான்' என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம்.

செப்டம்பர் 1-ல் இ-பாஸ் போயிற்று. கோயில்கள் திறந்தன. 7ஆம் தேதி முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடும், ரயிலும் ஓடும் என்றார்கள். அந்தச் செய்தி வந்த ராத்திரி எங்கள் லைன் வீட்டில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை. எட்டு வாசலிலும் ஆள் உட்கார்ந்து போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் திருமழிசையில் கோயம்பேட்டிலிருந்து மாற்றிய காய்கறிச் சந்தை அப்போதும் நடந்துகொண்டிருந்தது. விடியவிடிய லாரிச் சத்தம். அன்றைக்கு அந்தச் சத்தம்கூட எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் நகர ஆரம்பித்துவிட்டது என்று இருந்தது. தமிழ்நாட்டில் தினமும் 5,000 பேருக்கு மேல் தொற்று வந்துகொண்டிருந்தது. அதையும் நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

செப்டம்பர் 13, ஆவணி கடைசி ஞாயிறு என்று முடிவாயிற்று. சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் நானே போன் போட்டேன். "நான் வர்றேன், நீங்களும் வந்துடுங்க" என்றேன். ஐந்தரை மாதம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் வந்து நடத்திவைக்கப்போகிறேன் என்ற நினைப்பு எனக்குப் பெருமையாக இருந்தது. சீர்த்தட்டுக்குப் பட்டுப்பாவாடை வாங்கினேன். புது வேட்டி சட்டை வாங்கினேன். 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பத் திட்டம். லீவ் சீட்டில் கையெழுத்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதை அந்த வாரத்தில் எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

கேட்டில் உடம்புச் சூடு பார்க்கும் வேலையையும் டைம் ஆபீஸிடம்தான் கொடுத்திருந்தார்கள். துப்பாக்கி மாதிரிக் கருவி. நெற்றிக்கு நாலைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அழுத்தினால் எண் வரும். தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அது அளக்கிறது. வியர்த்திருந்தால் குறைத்துக் காட்டும். வெயிலில் நின்றிருந்தால் கூட்டிக் காட்டும். ஆகவே கொஞ்சம் கூடினால் உட்காரவைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 100.4-ஐத் தாண்டினால் திரை சிவப்பாகும், கீச்சென்று சத்தம் வரும். அந்த ஆளை உள்ளே விடக் கூடாது. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அவரோடு வேனில் வந்தவர்கள், அவரோடு குடியிருப்பவர்கள் எல்லோரும் முடிவு வரும்வரை வெளியே. தொற்று உறுதியானால் பதினாலு நாள் யாரும் எங்கும் போக முடியாது. தெருவில் பிளீச்சிங் பவுடர் போட்டு முனையில் தகரம் அடித்துவிடுவார்கள்.

பதிவேட்டில் ஒரு பக்கத்துக்கு ஐம்பது வரி. வரிசை எண், பெயர், டோக்கன் நம்பர், நேரம், டிகிரி, கையெழுத்து. மாதக்கணக்காக ஒரே மாதிரி எண்கள். 97.4, 97.6, 97.2. கை தானாக எழுதும்.

வெள்ளிக்கிழமை காலை ஏ ஷிப்ட். ஐந்து ஐம்பது. 47ஆவது ஆளாக வந்தவர் பிரஸ் ஓட்டுகிறவர். செய்யாறு பக்கத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள், ஐம்பதை நெருங்கிய வயது. எங்கள் லைன் வீட்டில் எனக்கு இரண்டு வாசல் தள்ளிக் குடியிருந்தார். அவரே சொன்னார்: "தம்பி, ராத்திரியிலிருந்து உடம்பு அசதியா இருக்கு. நல்லாப் பாத்துச் சொல்லு."

அழுத்தினேன். 100.6. சிவப்பு. கீச்.

மறுபடி அழுத்தினேன். 100.6.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்டது ஒரு மனிதன் கேட்கக்கூடிய மிக நேர்மையான கேள்வி. வேலை இல்லையென்றால் கூலி இல்லை என்ற நிலையில் இருக்கிறவர், தனக்கு நஷ்டம் வரக்கூடிய உண்மையைத் தானே வந்து கேட்டார். எனக்கு அந்த நொடியில் என்ன தோன்றியது என்பதைச் சொல்கிறேன். அவரைப் பற்றித் தோன்றவில்லை. நோயைப் பற்றித் தோன்றவில்லை. இரண்டு வாசல் தள்ளி அவர் இருக்கிறார், ஆகவே நானும் தொடர்பில் வருகிறேன், ஆகவே இன்றைக்கு ராத்திரி பஸ் இல்லை என்று தோன்றியது. தங்கச்சி போனில் அழுவாள் என்று தோன்றியது. 'பெரிசா எல்லாரையும் வரச் சொன்னான், கடைசியில இவனே வரல' என்று சித்தப்பா பேசுவார் என்று தோன்றியது. அவ்வளவுதான். இந்த நினைப்பெல்லாம் வந்து போக மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

"ஹெல்மெட் போட்டுட்டு வந்தீங்கல்ல அண்ணே, நெத்தி சூடாயிருக்கும். ஒண்ணுமில்ல" என்றேன்.

"செவப்பா எரிஞ்சுதே?"

"பேட்டரி கம்மியா இருக்கு. அப்பப்ப அப்படித்தான் காட்டுது."

97.8 என்று எழுதினேன். மற்றவர்களுக்கு எழுதிய 97.4-ஐவிடக் கொஞ்சம் கூட்டி எழுதினேன். அப்போதுதான் உண்மை மாதிரி இருக்கும் என்று. அந்தப் புத்தியும் எனக்கு அந்த நேரத்தில் வேலை செய்தது. கை தவறி எழுதிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. அடுத்த ஐந்தாவது நிமிடமே கிடைத்தது.

கேட்டுக்குப் பக்கத்திலேயே டீ கொடுக்கும் இடம். கேன்டீன் அக்கா எவர்சில்வர் டிரம்மைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். செம்பரம்பாக்கம்தான் அவருக்குச் சொந்த ஊர். ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை நோய் உண்டு. கணவர் இல்லை, ஒரே மகள். ஜூலை 16-ல் பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோது அந்தப் பெண் பாஸாகிவிட்டாள் என்று ஷிப்ட் முழுக்க ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். டைம் ஆபீஸுக்கு மட்டும் இரண்டு. "காலேஜ்ல சேக்கப் போறேன் தம்பி, பி.காம்" என்றார்.

அன்றைக்கு பிரஸ்கார அண்ணன் பேப்பர் கப்பை வாங்கக் கை நீட்டினார். அக்கா அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கண்ணெல்லாம் செவந்திருக்கு?" என்று கேட்டார். கரண்டியைக் கீழே வைத்தார். புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தார். பிள்ளைக்கு வைத்துப் பார்ப்பார்களே, அப்படி. "சுடுதே" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவருக்குப் பாத்துட்டியா?"

"பாத்தாச்சுக்கா. நார்மல்."

"நார்மலா?"

"ஆமாக்கா. தொண்ணூத்தேழு புள்ளி எட்டு."

அக்கா தன் கையை ஒருமுறை பார்த்தார். டீ டிரம்மைத் தொட்ட கை. அதனால்தான் அப்படி இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, முந்தானையில் துடைத்துக்கொண்டு டீயைப் பிடித்துக் கொடுத்தார். "மத்தியானம் சுக்குக் காபி போட்டுத் தர்றேன், வந்து குடிங்க" என்றார். அவர் கை சரியாகத்தான் சொல்லியிருந்தது. தன் கையை விட்டுவிட்டு என் வாயை நம்பினார்.

மத்தியானம் சுக்குக் காபி போட்டும் கொடுத்தார். நான் பார்த்தேன்.

சாயங்காலம் பூந்தமல்லியில் பஸ் ஏறினேன். ஆற்காடு, ஆரணி வழியாகப் போளூர். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் காற்றை முகத்தில் வாங்கினேன். பஸ்ஸில் எல்லோரும் போனில் பேசிக்கொண்டே வந்தார்கள். "ஏறிட்டேன்", "வந்துட்டே இருக்கேன்", "அண்டா எடுத்து வெளிய வை" என்று. ஒரு பாட்டி ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் என் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கத்திய கத்தில் கோயில் வேம்பில் இருந்த காக்கைகள் பறந்தன. எல்லோரும் சிரித்தார்கள். கிழவிகள் என் கன்னத்தைத் தடவினார்கள். பந்தியில் நானே நின்று பரிமாறினேன். ஒருவரும் மாஸ்க் போடவில்லை, நானும் போடவில்லை. என் உடம்பில் அந்தக் கிருமி இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அறுபது பேரில் அப்படித் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தக் குழந்தையையும் நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

இதைச் சொல்லாமல் விட்டால் வாக்குமூலம் முழுசாகாது: அந்த இரண்டு நாள் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். உறுத்தல் வந்து சோறு இறங்காமல் தவித்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன். திண்ணையில் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

என் ஊரில் ஒருவருக்கும் எதுவும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நான் நேசித்தவர்கள் அத்தனை பேரும் தப்பித்தார்கள்.

பிரஸ் ஷாப்பில் மெஷின் சத்தத்தில் காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டும். அண்ணன் வெள்ளி, சனி இரண்டு நாளும் வேலை பார்த்தார். ஞாயிறு ராத்திரி மூச்சு வாங்கியது. திங்கட்கிழமை பரிசோதனை, புதன்கிழமை உறுதி. அவர் வேலை பார்த்த பிரஸ் லைனில் ஒன்பது பேருக்குத் தொற்று. கம்பெனியை நாலு நாள் மூடினார்கள். எங்கள் லைன் வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த நாட்களுக்குக் கூலி இல்லை.

அக்காவுக்கு 17ஆம் தேதி காய்ச்சல் வந்தது. முதலில் ஒரு கல்லூரியில் வைத்திருந்த சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் அளவு இறங்கியதும் 108 வண்டியில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்கு. அக்டோபர் 3ஆம் தேதி இறந்துபோனார். துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மகளுக்குத் தூரத்திலிருந்து முகத்தை மட்டும் காட்டினார்கள். ஊரிலிருந்து போனவர்கள் ஏழெட்டுப் பேர். நான் போகவில்லை. பயம். நோய்க்கு இல்லை, அந்தப் பெண் என்னைப் பார்த்துவிடுவாளோ என்ற பயம்.

அக்காவுக்கு அந்த டீ கப் வழியாகத்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. வாரம் இரண்டு முறை திருமழிசைச் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வருவார். அங்கேயும் கூட்டம்தான். அங்கிருந்தும் வந்திருக்கலாம். இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லுக்குள் நான் ஒன்றரை வருடம் ஒளிந்திருந்தேன். இனி அதற்குள் ஒளிய மாட்டேன். அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். இதில் 'இருக்கலாம்' எதுவும் இல்லை.

விசாரணை வந்தது. காய்ச்சலோடு ஒருவர் எப்படி உள்ளே வந்தார் என்று மேனேஜர் கேட்டார். பதிவேட்டைக் காட்டினேன். 97.8. அவர் பார்த்துவிட்டு, "நீங்க ரெக்கார்டைச் சுத்தமா வச்சிருக்கீங்க. இவன்தான் மாத்திரை போட்டுச் சூட்டைக் குறைச்சுட்டு வந்திருக்கான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சு ஷாப்புக்குப் பரவியது. ஒரு வாரத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். காய்ச்சலை மறைத்துவிட்டு வந்து ஒன்பது பேருக்குக் கொடுத்தவன், அக்காவைக் கொன்றவன் என்றார்கள். அண்ணன் குணமாகி வந்தபோது கான்ட்ராக்டர் அவரை எடுக்கவில்லை. லைன் வீட்டிலும் இருக்க விடவில்லை. சாமான்களை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு செய்யாறுக்குப் போய்விட்டார். அவர் போகும்போது நான் வீட்டுக்குள் இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

அக்கா குடும்பத்துக்கு ஷாப்பில் பணம் வசூலித்தார்கள். மற்றவர்கள் 200, 500 கொடுத்தார்கள். நான் 5,000 கொடுத்தேன். "அண்ணனுக்குத் தங்க மனசு" என்றார்கள். அந்த வார்த்தையையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நிவர் புயல் வந்த நவம்பர் 25 புதன்கிழமை அரசு விடுமுறை. மதியம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அப்போதுதான் திறக்கிறார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு, அதே பயம். அன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அக்கா வீட்டுக்குப் போனேன். மெழுகுவத்தியும் ரொட்டிப் பாக்கெட்டும் கையில். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. தெருப் பையன்கள் மேலே ஏறித் தார்ப்பாய் கட்டினார்கள். நான் கீழே டார்ச் அடித்தேன். அந்தப் பெண்ணும் அவள் பாட்டியும் பாத்திரங்களை ஒழுகும் இடத்துக்கு நகர்த்தி நகர்த்தி வைத்தார்கள். அரை மணி நேரம் நின்றேன். "தேங்க்ஸ்ண்ணா" என்றாள். திரும்பி வந்துவிட்டேன்.

2021 மே மாதம் இரண்டாம் அலையில், ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிலாளர்கள் தங்கள் பாதுகாப்புக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். இடைவெளி விட்டு வேலை செய்ய விடுங்கள் என்று கேட்டார்கள். எங்கள் ஷாப்பில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நானும் சத்தமாகப் பேசினேன். "கம்பெனிக்கு வண்டிதான் முக்கியம், ஆள் உயிர் முக்கியமில்ல" என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அடங்கிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் நியாயத்தைப் பேச எனக்கு வாய் இருந்தது, தகுதி இல்லை.

2022 பிப்ரவரியில் செய்யாறு பக்கம் போய் அண்ணனைப் பார்த்தேன். வீட்டு வாசலில் கோணிப்பையில் மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். 100.6, ஹெல்மெட், பேட்டரி, லீவ் சீட்டு, காது குத்து. ஒன்றும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மல்லாட்டையைக் கிளறினார்.

"ஒண்ணரை வருசமா என் பொண்டாட்டி கேக்குறா, நீ நிசமா மாத்திரை போட்டுட்டுப் போனியான்னு" என்றார்.

வீட்டுக்குள் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். அந்த அம்மாவின் முன்னால் முதலிலிருந்து சொன்னேன். சொல்லி முடித்ததும் அண்ணன் ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டியா தம்பி?"

இல்லை என்றேன்.

"அப்புறம் இங்க எதுக்கு மொதல்ல வந்த?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எளிதான இடத்துக்கு முதலில் போயிருந்தேன்.

அந்தப் பெண் பி.காம் சேரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. விடிகாலை ஷிப்டுக்கு நெடுஞ்சாலை நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறுவாள். மார்ச் முதல் வாரம், அவளுக்கு வார விடுமுறை நாளாகப் பார்த்து, வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பாட்டியும் இருந்தார். சுவரில் அக்கா படம், பிளாஸ்டிக் மாலை, சின்ன சிவப்பு விளக்கு.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. இரண்டாவது முறை சொல்லச் சொன்னாள். அம்மா என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்ற இடத்தை மட்டும். சொன்னேன்.

"அம்மா அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொல்லுச்சுண்ணா" என்றாள். "ஒருத்தருக்கு உடம்பு சுட்டுது, ஆனா மெசின்ல நார்மல்னு சொல்றாங்கன்னுச்சு. மறுநாள் லீவு போடவான்னு என்னக் கேட்டுச்சு. நான்தான் சொன்னேன், மெசின் பொய் சொல்லாதும்மா, போயிட்டு வாம்மான்னு."

இதைத்தான் அவள் ஒன்றரை வருடமாகச் சுமந்திருக்கிறாள். பதினேழு வயதில் தன் அம்மாவை வேலைக்கு அனுப்பிவைத்தது தான்தான் என்று. நான் என் குற்றத்தை மட்டும்தான் மறைத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு பங்கு அவள் தலையில் இருந்திருக்கிறது. நிவர் புயலன்று சொல்லியிருந்தால் பதினைந்து மாதம் அவளுக்குக் குறைந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டேன். "போங்கண்ணா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. பாட்டி என்னைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனிக்கு எழுத்தில் கொடுக்கப்போகிறேன். இது அச்சாகும் நேரத்தில் கொடுத்திருப்பேன். வேலை போகலாம். போனால் அது சரியான தண்டனைதான், அதிகம் என்று சொல்ல மாட்டேன். கடிதத்தில் கேட்பது ஒன்றுதான். செய்யாறுக்காரரைப் பற்றிச் சொல்லிவந்ததை ஷாப்பில் எல்லோர் முன்னாலும் திருத்திச் சொல்ல வேண்டும். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு வரவில்லை. எதையும் மறைக்கவில்லை. உடம்பு சரியில்லை, நல்லாப் பாத்துச் சொல்லு என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். அவரை அந்த நாட்களில் ஏசியவர்களில் யாராவது இதைப் படித்தால், ஒரு போன் போடுங்கள்.

பையன்கள் கொடைக்கானல் போகட்டும். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆறு மணிக்கு எழுந்து பன்னிரண்டு மணி வரை ஜன்னல் ஓரத்தைப் பற்றிப் பேசுகிற ஆசை எனக்கும் தெரியும். டூர் பணத்தை வேறு யாராவது எழுதட்டும்.

2020ஆம் வருடப் பதிவேடுகளைப் போன மாதம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துத் திருத்திக் கொடுக்கலாம் என்று போனேன், கிடைக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். 11.9.2020, வெள்ளிக்கிழமை, ஏ ஷிப்ட், வரிசை எண் 47, நேரம் 5.50. எழுதியது 97.8. இருந்தது 100.6.